பிலிமில் எடுப்பவர்கள் பிரிண்ட் போடவும் கற்றுக்கொள்ள வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிலிம் கேமரா மறுபடியும் பலர் கைக்கு வந்திருக்கிறது. நிறுத்தப்பட்டிருந்த எக்டாக்ரோம் பிலிம் 2018-ல் கோடக் பெயரில் திரும்பி வந்தது. 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம்புது பிலிம் கேமராவே சந்தைக்கு வந்தது. இதைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. பழைய கேமராவை எப்படிப் பார்த்து வாங்குவது, எந்த ரோல் போடுவது என்று தொடங்கி, ரோலை லேபில் கொடுத்து ஸ்கேன் வாங்கிக்கொள்வதோடு அவை முடிந்துவிடுகின்றன. காகிதத்தில் பிரிண்ட் போடுவதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. பிலிமில் எடுத்துவிட்டுப் பிரிண்ட் போடாமல் விடுகிறவர்கள், இந்தப் பொழுதுபோக்கில் கற்க வேண்டியதில் பெரும்பகுதியை இழக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அளவுகளையும் நிமிடங்களையும் விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஸ்கேனர் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பிரேமையும், அதாவது ரோலில் உள்ள ஒவ்வொரு படத்தையும், தனித்தனியாக எடைபோட்டு, வெளிச்சம் குறைந்ததை ஏற்றி, கூடியதை இறக்கி, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறைவாக எடுத்த படமும் சரியாக எடுத்த படமும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நிழல் பகுதியில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் “இதுதான் பிலிமின் கிரெயின்” என்று நினைத்துக்கொள்வோம். அடுத்த ரோலிலும் அதே தவறைச் செய்வோம். பிரிண்ட் காகிதம் அப்படி மூடி மறைக்காது. எடுத்தவர் எங்கே தவறினார், பிலிமை மருந்தில் போட்டுக் கழுவியவர் எங்கே தவறினார் என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் ஒன்றை வாசகர்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். லேபில் ரோலைக் கொடுக்கும்போதே நெகட்டிவை (வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகப் பதிந்த, கழுவிய பிலிமை) திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பல லேப்களில் ஸ்கேனை அனுப்பிவிட்டு, கேட்காதவர்களுடைய நெகட்டிவைச் சில வாரங்களில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். படம் இருப்பது நெகட்டிவில். ஸ்கேன் அதன் நகல் மட்டுமே. அதுவும் அன்றைக்கு அந்த இயந்திரத்தில் இருந்தவர் எடுத்த முடிவுகளின் நகல்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. பின்கதவைத் திறந்து, ஷட்டரை 1 விநாடியில் வைத்து அழுத்திப் பாருங்கள். பழைய எண்ணெய் இறுகியிருந்தால் மெதுவான வேகங்களில்தான் முதலில் சிக்கும். கதவு ஓரப் பள்ளத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஸ்பாஞ்சு விரலில் கறுப்புப் பிசினாக ஒட்டினால், அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டாமல் ரோல் போடக் கூடாது. 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்த கேமராவில் 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி போட்டால், லைட் மீட்டர் பெரும்பாலும் தப்பான அளவு காட்டும். அதை நம்பி எடுத்தால் வெளிச்சம் குறைந்துவிடும். ரோல் போட்டபின் லீவரைத் தள்ளும்போது ரீவைண்ட் குமிழ் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் பிலிம் பல்லில் மாட்டவில்லை என்று அர்த்தம்.

வெளிச்ச அளவில் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் பிலிமுக்கு ஒரே விதி போதும்: நிழலுக்குக் குறைவைக்காதீர்கள். நிழல் பகுதியில் வெளிச்சம் விழாவிட்டால் அங்கே படத்தை உண்டாக்கும் வெள்ளி உருவாகாது. பிறகு எந்த மருந்தாலும் அதை வரவழைக்க முடியாது. கூடுதலான வெளிச்சத்தை ஓரிரண்டு ஸ்டாப் வரை பிலிம் தாங்கிக்கொள்ளும். மீட்டர் இல்லாத கேமராவில், நல்ல வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) எண்ணுக்கு நெருங்கியது என்ற பழைய கணக்கு இன்றும் சரிதான். 400 பிலிமுக்கு 1/500. தொடக்கத்தில் 400 பிலிமை 200 என்று வைத்து எடுத்தாலும் நஷ்டமில்லை. கொஞ்சம் அடர்ந்த நெகட்டிவில் பிரிண்ட் போடுவது, வெளிறிய நெகட்டிவில் போடுவதைவிட எவ்வளவோ எளிது.

இனி பிலிம் கழுவுவது. இதற்கு இருட்டறை தேவையில்லை. பிலிமை ரீலில் சுற்றி, வெளிச்சம் புகாத டேங்கில் போட்டு மூடும் சில நிமிடங்களுக்கு மட்டும் முழு இருட்டு வேண்டும். கை நுழைக்கும் கறுப்புப் பை போதும். வீணான ஒரு ரோலை வைத்து வெளிச்சத்தில் பத்து முறை, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை சுற்றிப் பழகுங்கள். பிளாஸ்டிக் ரீலில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். பிலிம் முனையை நேராக வெட்டி, இரு மூலைகளையும் லேசாக மழுக்கினால் சிக்காமல் ஓடும். சிக்கியதை வலுக்கட்டாயமாகத் தள்ளினால் பிலிம் மடங்கும். மடங்கிய இடத்தில் நெகட்டிவில் பிறை வடிவக் கறை விழும்.

பிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொணரும் மருந்தான டெவலப்பரில் டி-76 என்ற பழைய மருந்தையே தொடக்கக்காரர்களுக்குச் சொல்வேன். பொட்டலமாகக் கிடைக்காத இடத்தில் கையாலேயே கலக்கலாம். சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெந்நீர் 750 மி.லி., மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். எல்லாம் கரைந்தபின் தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட். அது தண்ணீரில் கலந்திருக்கும் ஆக்சிஜன் மெட்டாலைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும். பிறகு மெட்டால். அது முழுதும் கரைந்தபிறகே மீதி சல்ஃபைட். சல்ஃபைட் முழுவதையும் முதலிலேயே கொட்டிவிட்டால் அந்த அடர்ந்த கரைசலில் மெட்டால் கரையாமல் மிதக்கும். வாங்கும்போது சீட்டை இரண்டு முறை படியுங்கள்: வேண்டியது சல்ஃபைட், சல்ஃபேட் இல்லை. சல்ஃபேட் போட்ட கரைசல் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் டெவலப்பராக வேலை செய்யாது. மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு தொடவே முடியாது. கையுறை இல்லாமல் கலக்க வேண்டாம்.

இந்தக் கரைசலை அதே அளவு தண்ணீரோடு கலந்து, ஒரே முறை பயன்படுத்திக் கொட்டிவிடுவது நல்லது. ஒவ்வொரு ரோலுக்கும் புது மருந்து என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே பலன் கிடைக்கும். 20 டிகிரியில் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமுக்கு 13 நிமிடம், எஃப்பி4 பிளஸுக்கு 11, கோடக் ட்ரை-எக்ஸ் 400-க்கு 9¾. ஒரு 35 மி.மீ. ரோலுக்கான சிறிய டேங்கில் 290 மி.லி. பிடிக்கும். அவ்வளவு குறைந்த கரைசலில் 36 பிரேம் ரோலைக் கழுவினால், நேரத்தைச் சுமார் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது நல்லது. அதில் இருக்கும் உண்மையான மருந்து 145 மி.லி.தான். முதல் 10 விநாடியில் நான்கு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, அடிப்பாகத்தை மேசையில் லேசாகத் தட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு. தட்டுவதை மறந்தால் பிலிமில் ஒட்டிய காற்றுக்குமிழுக்கு அடியில் மருந்து சேராது. அந்த இடம் பிரிண்டில் கறுப்பு வட்டமாக வரும்.

வெப்பநிலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அறை 24 டிகிரியில் இருந்தால் நேரத்தை ஏறக்குறைய 30 சதவீதம் குறைக்க வேண்டும். 13 நிமிடம் 9 ஆகிவிடும். அதற்கும் மேல் சூடு ஏறினால், பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, மருந்துப் புட்டிகளை அதில் நிறுத்தி இறக்குங்கள். கழுவும் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் விநாடிகளே கணக்கில் வந்துவிடும். வானம் போன்ற சமமான பகுதிகளில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

அடுத்து டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத். லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். அசெட்டிக் அமிலத்தின் நெடி இருக்காது. அதன்பின், மிஞ்சிய வெள்ளி உப்புகளைக் கரைத்துப் படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர். சோடியம் தயோசல்ஃபேட் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டு சொன்னார். ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று இன்றும் சொல்வது அதைத்தான். ஹைப்போ படிகத்தைக் கரைக்கும்போது பாத்திரம் சில்லிட்டுப்போகும். அதனால் வெந்நீரில்தான் கரைக்க வேண்டும். இப்போது பரவலாகக் கிடைக்கும் ரேப்பிட் ஃபிக்ஸரில், ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால், பிலிமுக்கு 2 முதல் 5 நிமிடம். எத்தனை நிமிடம் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. ரோலை வெட்டும்போது மிஞ்சிய துண்டை, பகல் வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போட்டுப் பாருங்கள். பால்போல் இருந்தது எத்தனை விநாடியில் கண்ணாடியாகத் தெளிகிறதோ, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் ரோலுக்குக் கொடுங்கள். புது ஃபிக்ஸரில் தெளிந்த நேரத்தைப் புட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். அது இரட்டிப்பானால் அந்தப் புட்டி முடிந்தது.

அலசுவதற்குக் குழாயை மணிக்கணக்கில் திறந்துவிட வேண்டாம். டேங்கில் அதே வெப்பநிலையுள்ள தண்ணீரை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 10 முறை. மறுபடி 20 முறை. இல்ஃபோர்டு நிறுவனம் சொல்லிக்கொடுத்த முறை இது. கெட்டியாக்கும் மருந்து கலக்காத ஃபிக்ஸருக்குப் போதுமானது. உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் எடுத்து, அதில் தண்ணீர் சொட்டாகத் தங்காமல் வழியச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் ஓரிரு சொட்டு விடுங்கள். நுரை வரும் அளவுக்கு விட்டால் அதுவே கறையாகக் காய்ந்துவிடும். விரலால் வழிக்க வேண்டாம். பிலிமின் பூச்சான ஈரமான ஜெலட்டினில் ஒரு தூசி உரசினாலும் ரோல் முழுவதும் கோடு.

காய்ந்த நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படிக்கத் தெரிந்தால், பாதிப் புலம்பல்கள் நின்றுவிடும். முதலில் படத்தைப் பார்க்காதீர்கள். பிலிம் ஓரத்தில் இருக்கும் எண்களையும் பெயரையும் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதித்தவை, உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஓர எழுத்து நன்றாகக் கறுத்திருந்து படம் வெளிறியிருந்தால், கழுவியது சரி, எடுத்தபோது வெளிச்சம் போதவில்லை. ஓர எழுத்தும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப்பர் பழசு, குளிர்ந்தது, அல்லது நேரம் குறைவு. ஓர எழுத்து இருந்து பிரேம் ஒன்றுமே இல்லாவிட்டால் பிலிம் கேமராவில் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்துகூட இல்லாமல் முழு ரோலும் கண்ணாடியாக வந்தால் டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். பால்போல் மங்கல் இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை. பயப்படாமல் திரும்ப ஃபிக்ஸரில் போட்டு அலசினால் சரியாகும். இளஞ்சிவப்புச் சாயல் சில பிலிம்களில் தங்கும். கூடுதல் அலசலில் பெரும்பாலும் போய்விடும். புது ஆட்கள் கேமராவைக் குறைசொல்லி அடுத்த கேமரா வாங்குவதற்குமுன் இந்த ஓர எழுத்தை ஒருமுறை பார்த்தால் பணம் மிச்சம்.

இப்போது காகிதம். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழச்செய்யும் என்லார்ஜர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கண்ணாடித் தகடு, ஒரு சிறிய பல்பு, மூன்று தட்டு, காகிதத்தைப் பாதிக்காத சிவப்பு சேஃப்லைட் இருந்தால் கான்டாக்ட் ஷீட் (நெகட்டிவைக் காகிதத்தின்மேல் நேராக வைத்து அதே அளவில் எடுக்கும் பிரிண்ட்) போடலாம். 36 பிரேம் ரோலை ஆறு ஆறாக வெட்டினால் ஆறு துண்டு. 8-க்கு 10 அங்குலக் காகிதம் ஒன்றில் அடங்கும். நெகட்டிவின் மங்கலான பக்கம் காகிதத்தின் பளபளப்பான பக்கத்தைப் பார்க்க வேண்டும், மேலே கண்ணாடி.

இந்த கான்டாக்ட் ஷீட்டுக்கு நேரம் பார்க்கும் விதத்தில்தான் எல்லாப் பாடமும் அடங்கியிருக்கிறது. ஒரு காகிதத் துண்டின் மேல், படம் எதுவும் இல்லாத வெற்று நெகட்டிவை வையுங்கள். பிரேமுக்கும் பிரேமுக்கும் நடுவிலும் ரோல் முனையிலும் இருக்கும் தெளிந்த பகுதி அது. அட்டையால் மூடி மூடி, 2 விநாடி இடைவெளியில் பல படிகளாக வெளிச்சம் கொடுத்து, டெவலப் செய்து, அலசி, காயவைத்துப் பாருங்கள். தெளிந்த பிலிமுக்கு அடியில் இருந்த காகிதம் முழுக்கறுப்பை எட்டிய முதல் படியைக் கண்டுபிடியுங்கள். அந்தப் படியில், பிலிம் ஓரத்துப் பல்துளைகள் வழியே விழுந்த கறுப்பு, உற்றுப் பார்த்தால்தான் லேசாகப் பிரிந்து தெரியும். அதுவே உங்கள் நேரம். பல்பின் உயரத்தையும் காகித வகையையும் மாற்றாதவரை எல்லா ரோலுக்கும் அதே நேரம்தான். ஒரு பிரேமுக்காகவும் மாற்றக் கூடாது.

அந்த நேரத்தில் முழு ரோலையும் பதித்தால் நெகட்டிவின் உண்மை நிலை தெரியும். நன்றாக வந்த பிரேம்கள் சரியாக எடுத்தவை. நிழலில் ஒன்றுமே தெரியாமல் கறுத்துக் கிடப்பவை வெளிச்சம் குறைவாக எடுத்தவை. வெளுத்துக் கிடப்பவைக்கு வெளிச்சம் கூடிவிட்டது. நிழல் சரியாக இருந்து, வெள்ளைச் சட்டையும் வானமும் மட்டும் எல்லா ரோலிலும் விவரம் இல்லாமல் வெந்துபோய் இருந்தால் டெவலப்பரில் அதிக நேரம் விடுகிறீர்கள். 15 சதவீதம் குறையுங்கள். எல்லா பிரேமும் ஒன்றுபோல ஒரு ஸ்டாப் கறுப்பாக வந்தால் உங்கள் மீட்டர் அந்த அளவு பொய் சொல்கிறது. ஐஎஸ்ஓ எண்ணைப் பாதியாக வைத்தால் சரியாகிவிடும். இவ்வளவையும் ஒரே காகிதம் சொல்லிவிடும். ஸ்கேன் கோப்புகள் நூறு பார்த்தாலும் இது தெரியாது.

பெரிய பிரிண்டுக்கு என்லார்ஜர் வேண்டும். 35 மி.மீ. நெகட்டிவுக்கு 50 மி.மீ. லென்ஸ், 6-க்கு 6 செ.மீ. நெகட்டிவுக்கு 75 அல்லது 80. லென்ஸை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, இரண்டு ஸ்டாப் மூடி அப்பர்ச்சர் 8-க்குக் கொண்டுவாருங்கள். நெகட்டிவ் பல்புச் சூட்டில் லேசாக வளையும். அந்த வளைவை மூடிய லென்ஸ் சமாளிக்கும்.

சரியான வெளிச்ச நேரம் கண்டுபிடிக்கும் காகிதத் துண்டான டெஸ்ட் ஸ்டிரிப்பை 5, 10, 15, 20 விநாடி என்று சம இடைவெளியில் போடுவதுதான் பலருடைய வழக்கம். முதல் இரண்டு படிக்கு நடுவே ஒரு முழு ஸ்டாப் வித்தியாசம். கடைசி இரண்டுக்கு நடுவே அதில் பாதிகூட இல்லை. அதனால் ஒரு பக்கம் தாவுகிறது, மறுபக்கம் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. மாறாக, முழுத் துண்டுக்கும் 5 விநாடி கொடுத்து, ஒவ்வொரு படியாக மூடிக்கொண்டே 2, 3, 4, 6, 8 விநாடி கூட்டுங்கள். 5, 7, 10, 14, 20, 28 என்று அரை ஸ்டாப் இடைவெளியில் ஆறு படிகள் சீராக வரும். துண்டைப் படத்தின் ஓரத்தில் வைக்காமல், முகமோ வெள்ளைத் துணியோ வரும் இடத்தில் வையுங்கள். அந்த வெளிறிய பகுதியில் லேசான சாயல் எந்தப் படியில் வருகிறதோ அந்த நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கறுப்பைப் பற்றி அப்போது கவலைப்பட வேண்டாம். அடுத்ததாக, கறுப்பு சாம்பலாக இருந்தால், கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரை 2-லிருந்து 3-க்கு ஏற்றுங்கள். நிழல் விவரங்கள் அடைத்துப்போனால் 1-க்கு இறக்குங்கள். மல்டிகிரேடு காகிதத்துக்கான இல்ஃபோர்டு ஃபில்டர்களில் 00 முதல் 3½ வரை நேரம் மாறாது. 4 முதல் 5 வரை நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் 4-க்குப் போய், படம் வெளிறிவிட்டது என்று திகைப்பவர்கள் அதிகம்.

காகிதத்தை டெவலப்பர் தட்டில் போட்டபின் அவசரப்படவே கூடாது. பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. காகிதத்துக்கு முழு ஒரு நிமிடம், அந்தப் பூச்சு இல்லாத ஃபைபர் காகிதத்துக்கு இரண்டு நிமிடம். சேஃப்லைட்டில் எல்லாப் படமும் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும். பயந்து 20 விநாடியில் இடுக்கியால் தூக்கிவிட்டால் கறுப்பு கறுப்பாகாமல் சேற்றுநிறத்தில் நின்றுவிடும். முழு நேரமும் வைத்துக் கறுத்துப்போனால் அடுத்த காகிதத்துக்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். டெவலப்பர் நேரத்தில் கைவைக்கக் கூடாது. ஒவ்வொரு தட்டுக்கும் தனி இடுக்கி. ஃபிக்ஸரில் நனைந்த இடுக்கி டெவலப்பரில் பட்டால் அன்றைய பிரிண்டுகளில் பழுப்புக் கறைகள் தோன்ற ஆரம்பிக்கும். 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் கலந்த ரேப்பிட் ஃபிக்ஸரில் ஆர்.சி. காகிதத்துக்கு அரை நிமிடமும், ஓடும் தண்ணீரில் 2 நிமிட அலசலும் போதும். ஃபைபர் காகிதம் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஃபிக்ஸரில் ஒரு நிமிடம், அலசல் ஒரு மணி நேரம். காய்ந்தபின் கொஞ்சம் கறுக்கும் என்பதால் ஈரத்தில் சரியாகத் தெரிவதைவிட ஒரு சாயல் வெளிறலாகப் போட வேண்டும். கற்கும் காலத்தில் ஆர்.சி. காகிதமே நல்லது.

புள்ளிகளையும் கோடுகளையும் பார்த்துக் காரணம் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. பிரிண்டில் வெள்ளைப் புள்ளி என்றால் என்லார்ஜரில் நெகட்டிவின் மேல் தூசி, துடைத்தால் போய்விடும். கறுப்புப் புள்ளி என்றால் குறை நெகட்டிவிலேயே இருக்கிறது. எடுத்த நேரத்தில் கேமராவுக்குள் பிலிமில் தூசி ஒட்டியிருக்கும், அல்லது கழுவும்போது குமிழ் நின்றிருக்கும். அதேபோல், வெள்ளைக் கோடு பெரும்பாலும் பிலிமின் பளபளப்பான முதுகில் விழுந்த கீறல். கறுப்புக் கோடு படம் இருக்கும் பக்கமே சுரண்டப்பட்டது. முதலாவதை மறைக்க வழிகள் உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது.

முகம் கறுத்தும் வானம் வெளுத்தும் வரும் படங்களுக்குக் கைவேலை வேண்டும். மெல்லிய கம்பி நுனியில் ஒட்டிய சிறு கறுப்பு அட்டை போதும். அடிப்படை நேரம் 20 விநாடி என்றால், அதில் 4 விநாடி முகத்தின்மேல் அட்டையின் நிழல் விழும்படி பிடித்து, கையை நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். நிறுத்தினால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் போட்டதுபோல் விளிம்பு தெரியும். பிறகு முழுப் படத்தையும் மறைத்து, வானத்துக்கு மட்டும் இன்னும் 10, 15 விநாடி. செய்ததை எல்லாம் ஒரு கிறுக்கல் படமாக வரைந்து, விநாடிகளையும் குறித்து, பிரிண்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே நெகட்டிவை எடுக்கும்போது அந்தத் தாள் ஒரு டஜன் காகிதத்தை மிச்சப்படுத்தும்.

சேஃப்லைட்டைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. காகிதத்தின்மேல் நாணயம் வைத்து 5 நிமிடம் சேஃப்லைட்டில் விட்டு டெவலப் செய்து, வட்டம் தெரியாவிட்டால் சரி என்று சொல்வார்கள். அது பாதிச் சோதனை. வெளிச்சமே படாத காகிதத்துக்கு ஒரு மந்தம் உண்டு. முதலில் விழும் சிறு வெளிச்சத்தை அது காட்டாது. என்லார்ஜரால் லேசான சாம்பல் வரும் அளவுக்கு முதலில் வெளிச்சம் கொடுத்துவிட்டு, அதன்பின் நாணயத்தை வைத்து 7 நிமிடம் விடுங்கள். இப்போது வட்டம் வெளிறித் தெரிந்தால் விளக்கு கெட்டது, அல்லது பக்கத்தில் இருக்கிறது. பிரிண்டில் வெள்ளை ஏன் எப்போதும் அழுக்காகவே வருகிறது என்ற கேள்விக்குப் பதில் பல வீடுகளில் இதுதான்.

வண்ண பிலிமையும் வீட்டில் கழுவலாம். வண்ண நெகட்டிவுக்கான சி-41 முறையில் டெவலப்பருக்கு 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி. அந்த வெப்பத்தைப் பாகை மாறாமல் நிறுத்தத் தனிக் கருவி வைத்துக்கொள்வது நல்லது. வண்ணக் காகிதத்தை முழு இருட்டில்தான் கையாள வேண்டும். கறுப்பு வெள்ளையில் கை படிந்தபின் அதற்குப் போகலாம்.

கடைசியாக, தீர்ந்துபோன ஃபிக்ஸரைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிலிமிலிருந்தும் காகிதத்திலிருந்தும் கரைந்த வெள்ளி முழுவதும் அதில் இருக்கிறது. நீர்வாழ் உயிர்களுக்கு அது கெடுதல். ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிப்பஞ்சை அதில் அமிழ்த்தி, சில நாள் மூடி வையுங்கள். இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்பு வண்டலாக அடியில் படியும். அந்த வண்டலையும் மேல் நீரையும் எக்ஸ்ரே பிலிமிலிருந்து வெள்ளி பிரிப்பவர்களிடமோ, ரசாயனக் கழிவு வாங்குபவர்களிடமோ ஒப்படைத்துவிடலாம். டெவலப்பரையும் ஃபிக்ஸரையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி வாளி, தனித்தனி மூடி, மேலே பெயர்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்